ஒரு கட்டுரையைத் திறக்குற காசுல ஒரு பத்திரிகையே ஓடும்

'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கும் ஆராய்ச்சி வெளியீட்டுக்கும் பணம் ஒதுக்குற மத்திய அரசு அதிகாரிகளுக்கு,

போன மாசம் எங்க பத்திரிகைக்கு ஒரு பதில் வந்துச்சு. நிதி கேட்டு நாங்க எழுதின ஒரு அமைப்பு, பேரு வேண்டாம், பேரச் சொல்லி ஆகப்போறது ஒண்ணுமில்ல. சாரம் இவ்வளவுதான்: ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்ல, அதாவது யாரு வேணும்னாலும் காசில்லாம படிக்கிற ஜர்னல்ல, கட்டுரை போட ஒருத்தரு கட்டணம் கட்டணும்னா அதுக்கு உதவ வழி இருக்கு, பத்திரிகை நடத்துற செலவுக்கு உதவ வழி இல்ல. எங்க பத்திரிகை யாருகிட்டயும் கட்டணமே வாங்குறதில்ல. அப்ப கட்டணம் வாங்குற பத்திரிகைக்கு அரசாங்கப் பணம் போய்ச் சேரும், வாங்காத பத்திரிகைக்குச் சேராது. எந்தப் பக்கம் திருப்பிப் பாத்தும் இதுல உள்ள நியாயம் எனக்குப் புரியலீங்க. அதான் உங்களுக்கே எழுதுறேன், பெரிய விதிய எழுதுறது நீங்கதானே, சின்ன ஆபீஸ் எல்லாம் உங்களப் பாத்துத்தான் எழுதுது.

நான் பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுக்கா, கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். காலேஜ்ல தமிழுக்கு கெஸ்ட் லெக்சரர், அதாவது கிளாஸ் எடுத்த நாளுக்குச் சம்பளம், லீவு விட்டா ஒண்ணுமில்ல. எங்களமாதிரி நாலஞ்சு பேரு சேந்து ஒரு தமிழ் ஆய்விதழ் நடத்துறோம், நெட்ல மட்டும்தான். தோல்பாவைக்கூத்து, வட்டெழுத்துக் கல்வெட்டு, எல்லையில பேசுற தமிழு, கேரளத்துல இருக்குற தமிழ்ப் பள்ளிக்கூடங்க கதை, இதெல்லாம்தான் எங்க சரக்கு. எழுதுறவங்களும் காசு குடுக்க வேண்டாம் படிக்கிறவங்களும் குடுக்க வேண்டாம். இதுக்கு டைமண்ட் ஓப்பன் ஆக்சஸ்னு ஒரு பெரிய பேரு இருக்குன்னு எங்களுக்குப் பின்னாடிதான் தெரியும், வைரம் மட்டும் இன்னும் கண்ணுல படல.

உங்க கணக்க முதல்ல சொல்லிடுறேன். 2024 நவம்பர் 25-ம் தேதி கேபினெட் 'ஒரே நாடு ஒரே சந்தா'வுக்கு, அதாவது காலேஜுகளுக்கெல்லாம் சேத்து மத்திய அரசே ஜர்னல் சந்தா கட்டுற திட்டத்துக்கு, 6,000 கோடி ரூபா ஒத்துக்குச்சு, 2025, 2026, 2027 மூணு வருஷத்துக்கு. 30 சர்வதேசப் பதிப்பகத்தோட கிட்டத்தட்ட 13,000 ஜர்னல், 6,300-க்கு மேல அரசு கல்வி நிறுவனங்கள்ல படிக்கலாம். அதுபோக வருஷத்துக்கு 150 கோடி, நல்ல ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்ல நம்ம ஆளுங்க கட்டுரை போட கட்டுற ஏபிசிங்கற வெளியீட்டுக் கட்டணத்துக்கு. திட்டமே தப்புன்னு சொல்ல நான் வரல. முன்னெல்லாம் ஒரு கட்டுரை வேணும்னா பெரிய யுனிவர்சிட்டில இருக்குற பிரண்டுக்கு மெசேஜ் போட்டுக் கெஞ்சணும், இல்லாட்டி எல்லாரும் திருட்டுத்தனமா எறக்கப் போற அந்த இன்னொரு சைட்டு, பேர நான் சொல்லல. இப்ப கவர்மெண்ட் காலேஜ் பசங்க நேராத் திறந்து படிக்கிறாங்க, நல்ல விஷயம். ஆனா சந்தாங்கிறது வாடகை தானுங்க. கட்டுற வரைக்கும் கதவு திறந்திருக்கும், 2027 முடிஞ்சு கட்டலன்னா மூடிக்கும். அதுவும் காலேஜ் ஐடி இருக்குறவனுக்குத்தான் திறக்கும். சுயநிதி காலேஜ் முதல் கட்டத்துல இல்ல, ரிட்டயர் ஆன தமிழ் வாத்தியாருக்கு இல்ல, வேலை போன அடுத்த நாள் எனக்கும் இல்ல.

இந்த இடத்துல தோல்பாவைக்கூத்து விஷயத்தச் சொல்லியாகணும், ஏன்னா எனக்குக் கோவம் வந்த இடம் அதுதான்.

பாரதப்புழை ஓரத்துல உள்ள பகவதி கோயில் பலதுல கூத்துமாடம்னு தனியா ஒரு கட்டடம் இருக்கும், நீளவாக்குல, முன்பக்கம் திறந்து. அதுல துணி கட்டி, பின்னால தேங்கா மூடில எண்ண ஊத்தி 21 விளக்கு வரிசையா வெச்சு, மான் தோல்ல செஞ்ச பாவைங்களோட நிழல ஆட்டுவாங்க. கதை ராமாயணம். பாடுறது கம்பன் பாட்டு, தமிழ்ல, அர்த்தம் சொல்றது மலையாளமும் தமிழும் கலந்து. ஏழு ராத்திரி, பதினாலு ராத்திரி, இருபத்தோரு ராத்திரின்னு கோயிலப் பொறுத்துப் போவும். ஆட்டுறவங்களுக்குப் பேரே புலவர். மலையாள மண்ணுல ராத்திரி பூரா கம்பன் பாட்டக் கேக்கணும்னா இன்னிக்கும் அங்கதான் போகணும், நம்ம ஆளுங்க நிறையப் பேருக்கு இது தெரியவே தெரியாது. பகவதி தாரிகன்ங்கற அசுரனோட சண்ட போடப் போனதால ராவணன் சண்டையப் பாக்க முடியல, அவளுக்குக் காட்டத்தான் இந்தக் கூத்துன்னு ஐதீகம். அதனால எதிர்ல ஒரு ஆளும் உக்காரலைன்னாலும் கூத்து நிக்காது.

அந்தப் புலவர் குடும்பம் ஒண்ணுல நான் ரொம்ப வருஷமா போய் வந்துட்டு இருக்கேன். பெரியவரு ஒரு கணக்கு நோட்டு வெச்சிருக்காரு, கோடு போட்ட நீள நோட்டு, அட்டை எண்ணக் கறை பிடிச்சுக் கருத்துப்போயி. உள்ள பூரா தமிழ்ப் பாட்டு, எழுத்து மட்டும் மலையாள எழுத்து. அவுங்கப்பா எழுதினத பாத்து எழுதினதாம். சில பாட்டு நாம அச்சுல படிக்கிற கம்பன்ல இருக்குற மாதிரி இருக்காது, வரி மாறியிருக்கும், சிலது அச்சுலயே இல்ல. பக்கம் பக்கமா போட்டோ எடுத்து, அவரப் பாடச்சொல்லி ரெக்கார்ட் பண்ணி, ஒத்துப்பாத்து, ஒரு கட்டுரை எழுதினேன். வேலை நிரந்தரமாகணும்னா வெளிநாட்டு ஜர்னல் வேணும்னு எல்லாரும் சொன்னதால இங்கிலீஷ்ல எழுதி ஒரு பெரிய பதிப்பகத்து ஜர்னலுக்கு அனுப்பினேன். எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் ஒரு ஃபாரம் வந்துச்சு, ரெண்டு வழி. பூட்டி வெச்சா எனக்குச் செலவில்ல. எல்லாரும் படிக்கத் திறந்து வெக்கணும்னா டாலர்ல ஒரு தொகை, நம்ம காசுக்கு ரெண்டரை லட்சத்துக்கு மேல. நாள் சம்பளக்காரன் எந்தப் பெட்டில டிக் போடுவான்னு உங்களுக்கே தெரியும்.

கட்டுரை வந்ததும் பெரியவரோட மகனுக்கு லிங்க் அனுப்புனேன். அவரு போன்ல திறந்தாரு. தலைப்பு, என் பேரு, ஆறேழு வரிச் சுருக்கம், கீழ ஒரு பட்டன், 24 மணி நேரம் படிக்க இத்தன டாலர்னு. நான் அங்க போனப்ப அத அப்பாகிட்ட நீட்டிக் காட்டினாரு. பெரியவரு கண்ணாடியப் போட்டுப் பாத்துட்டு, நம்ம பாட்டுதானே உள்ள கெடக்குதுன்னு கேட்டாரு. ஆமான்னேன். பின்ன எதுக்குப் பணம்னு கேட்டாரு. பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன், அது வேற. இங்கிலீஷ்ல இருக்குறத அவரு படிக்கவும் போறதில்ல. ஆனா அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல, உங்ககிட்ட இருந்தாச் சொல்லுங்க. கூத்துக்காவது கேக்க பகவதி இருக்கா, காசு கட்டினாத்தான் திறக்குற பேவாலுக்குள்ள கெடக்குற கட்டுரைக்கு யாரு இருக்கா?

திருத்தின வடிவத்த நீயே உன் யுனிவர்சிட்டி சர்வர்ல போட்டுக்கலாமேன்னு சொல்வீங்க. போடலாம், ஆனா எங்க படிப்புகளுக்குப் பல பதிப்பகம் அதுக்கு முன்னாடி ஒன்றரை வருஷம், ரெண்டு வருஷம் காத்திருக்கச் சொல்லுது. காப்பிரைட் வேற அவங்களுக்கு எழுதிக் குடுத்தாச்சு, நம்ம சட்டப்படி எழுதினவன் செத்து 60 வருஷம் வரைக்கும் அது ஓடும், என் பேரப்பிள்ளைங்க வந்து விடுவிச்சாத்தான் உண்டு.

சயின்ஸ்காரங்களுக்கு இந்தக் கட்டணம் வலிக்கும், ஆனா ப்ராஜெக்ட் கிராண்ட்ல அதுக்குன்னு ஒரு வரி எழுதிடலாம். தமிழு, சரித்திரம், நாட்டாரியல்னு இருக்குற எங்களுக்கு கிராண்டே இல்ல, பஸ் டிக்கெட்டும் ரெக்கார்டரும் கைக்காசு. அதுவும் எங்க வேலை பெரும்பாலும் புத்தகமா வர்றது, ஒரு ஆய்வுப் புத்தகத்த ஓப்பன் ஆக்சஸ்ல போட வெளிநாட்டுப் பெரிய பதிப்பகங்க பத்தாயிரம் பவுண்டு அளவுல கேக்குறாங்க. அதனால உங்க 150 கோடிய என்னதான் நியாயமா பங்கு போட்டாலும் எங்க பக்கம் வராது, வாய்க்கால் வெட்டியிருக்கறதே வேற பக்கம். எங்க ஆளுங்க தமிழ்ல எழுதுறாங்க, தமிழ் ஜர்னல் ஏபிசி வாங்குறதில்ல, பின்ன எதக் காட்டி பில்லு போடுறது?

இல்ல, வாங்குறவங்களும் இருக்காங்க, அதையும் சொல்லணும். ரெண்டாயிரம் ரூபா கூகுள் பேல போட்டா ஒரு வாரத்துல ஐஎஸ்எஸ்என் நம்பரோட சர்டிஃபிகேட்டோட கட்டுரை வந்துடும், யாரும் படிக்க மாட்டாங்க, திருத்த மாட்டாங்க. என்கூட வேலை பாக்குறவங்க வாட்சப்ல தெனம் இந்த விளம்பரம் வருது. எந்த ஜர்னல் நல்லதுன்னு சொல்ல யூஜிசி கேர் லிஸ்ட்டுன்னு ஒண்ணு இருந்துச்சு, குறை ஆயிரம் சொல்லலாம், 2025 பிப்ரவரில அதையும் எடுத்தாச்சு. நல்ல பத்திரிகைக்குக் காசு குடுக்காம மோசமான பத்திரிகைய மட்டும் திட்டிட்டு இருந்தா இந்த வியாபாரம் பெருகத்தான் செய்யும்.

சும்மா நெட்ல போடுறதுக்கு என்னய்யா செலவுன்னு ஒரு பெரிய பதவில உள்ளவரு என்னக் கேட்டாரு. சாஃப்ட்வேருக்குச் செலவில்லைங்கறது நெசம், ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ்னு கனடாக்காரங்க செஞ்சு இலவசமாக் குடுத்தத உலகம் பூரா பயன்படுத்துது, நாங்களும்தான். செலவு மனுச வேலைக்கு. வர்ற கட்டுரைல பாதி, எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடுல இருக்காது. ஒருத்தரு பாமினிங்கற பழைய ஃபாண்ட்ல அடிச்சிருப்பாரு, இன்னொருத்தரு வானவில் ஃபாண்ட்ல, இன்னொருத்தரு டிடிபி சென்டர்ல குடுத்து பேஜ்மேக்கர் ஃபைலா வாங்கி அதையே அனுப்புவாரு. கன்வெர்ட்டர்ல போட்டா முக்காவாசி சரியா வரும், மிச்ச கால்வாசிதான் உசுர வாங்கும். கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் பிரிஞ்சு நிக்கும், ஸ்ரீ காணாமப் போயிடும், அடிக்குறிப்பு நம்பர் எல்லாம் ஏதோ எழுத்தா மாறிக்கெடக்கும். கல்வெட்டுக் கட்டுரைன்னா சொல்லவே வேண்டாம், பாடத்துல ஒரு எழுத்து மாறினா கொடுத்த நிலமே வேற ஊருக்குப் போயிடும், அதனால மூலத்த பக்கத்துல வெச்சு வரி வரியா ஒத்துப்பாக்கணும். இதச் செய்யாம பழைய ஃபாண்ட்லயே பிடிஎஃப் போட்டா கட்டுரை நெட்ல இருக்கும், தேடினா சிக்காது. யுனிவர்சிட்டி ஆய்வேடுகள நெட்ல சேத்து வெக்கிற ஷோத்கங்கால பழைய தமிழ் ஆய்வேடு பலது இப்படித்தான் இருந்தும் இல்லாமக் கெடக்கு. இந்த வேலைய இப்ப நாங்க ராத்திரி பத்து மணிக்கு மேல செய்யறோம். அப்புறம் கட்டுரைக்கு நெட்ல நிரந்தர முகவரி மாதிரி இருக்குற டிஓஐ நம்பருக்கு வருஷா வருஷம் டாலர்ல கட்டணம், சர்வர் வாடகை, மெய்ப்புப் பாக்குற பொண்ணுக்கு ஏதோ கொஞ்சம். பிரிச்சுப் பாத்தா, வருஷத்துக்கு ஒரு மூணு லட்சம் இருந்தா எங்கள மாதிரி ஒரு பத்திரிகை மானமா நடக்கும், வேலை செய்யறவங்களுக்குக் கூலியும் குடுத்து.

வெளிநாட்டு ஜர்னல்ல ஒரு கட்டுரையத் திறக்க என்கிட்ட கேட்டது ரெண்டரை லட்சத்துக்கு மேல. ஒரே ஒரு கட்டுரை! அதோட இன்னும் கொஞ்சம் போட்டா இங்க ஒரு பத்திரிகை வருஷம் பூரா, எல்லா கட்டுரையும், எல்லாருக்கும். இந்த ஒரு கணக்க மட்டும் உங்க மேசைல எழுதி ஒட்டி வெச்சுக்குங்கன்னு கேட்டுக்கறேன்.

இது நம்ம நாட்டுக்கு ஒண்ணும் புதுசில்ல. 1949-ல சென்னை மாகாண அரசு பாரதியார் எழுத்தோட உரிமையக் காசு குடுத்து வாங்கி, பின்னாடி எல்லாருக்கும் பொதுவாக்குச்சு. அதுக்கப்புறம் தமிழ்நாட்டு அரசு நூத்துக்கும் மேல எழுத்தாளருங்க எழுத்த, வாரிசுகளுக்குத் தொகை குடுத்து, நாட்டுடைமை ஆக்கியிருக்கு. ஓப்பன் ஆக்சஸ்ங்கற பேரே பிறக்கறதுக்கு முன்னாடி, புடாபெஸ்ட்ல 2002-ல அறிக்கை விட்டாங்களே, அதுக்கு அரை நூற்றாண்டு முன்னாடி நாம செஞ்சது. தமிழ் நூலுங்கள நெட்ல இலவசமாப் போட 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டம் தன்னார்வலருங்க கை வலிக்க டைப் அடிச்சு உண்டானது. விசித்திரம் என்னன்னா, மதுரைத் தமிழ்ச் சங்கத்து 'செந்தமிழ்' பத்திரிகையோட நூறு வருஷத்துப் பழைய இதழ வீட்டுல உக்காந்து காசில்லாம படிக்கலாம். திருவாங்கூர் ராஜா காசுல கோபிநாத ராவ் 1910-கள்ல அச்சுப்போட்ட கல்வெட்டுத் தொகுதியையும் இப்ப சும்மா எறக்கிக்கலாம், எங்க பத்திரிகைல பாதிப்பேரு அத வெச்சுத்தான் எழுதுறாங்க. அதே கல்வெட்டப் பத்தி, மக்கள் வரிப்பணத்துல சம்பளம் வாங்குற ஒருத்தரு போன வருஷம் எழுதினதத்தான் படிக்க முடியாது.

வெளியில எப்படி செய்யறாங்கன்னும் பாருங்க. லண்டன்ல ஓப்பன் லைப்ரரி ஆஃப் ஹ்யூமானிட்டீஸ்னு 2015-லேந்து நடத்துறாங்க, எங்கள மாதிரி படிப்புகளுக்குன்னே. எழுத்தாளர்கிட்ட ஒரு பைசா வாங்கறதில்ல, நூத்துக்கணக்கான லைப்ரரிங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஓட்டுறாங்க. பிரேசில்காரங்க 1997-லயே சைஎலோங்கற நெட் தளத்த ஆரம்பிச்சு, அவங்க பாஷைல வர்ற பத்திரிகைகள அரசாங்க ஆராய்ச்சிப் பணத்துலயே திறந்து வெச்சாங்க. பிரிட்டன்ல 2024 ஜனவரி 1-லேந்து அரசு ஆராய்ச்சி நிதில எழுதின புத்தகமும் ஒரு வருஷத்துக்குள்ள திறக்கணும்னு விதி, அதுக்குத் தனி நிதியும் ஒதுக்கியிருக்காங்க. நம்ம அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014-லயே திறந்த அணுக்கக் கொள்கை கொண்டுவந்துட்டாங்க.

தரத்துக்கு என்ன கேரண்டின்னு கேப்பீங்க, கேக்கணும். எங்க பத்திரிகைல ஒவ்வொரு கட்டுரையும் யாரு எழுதினதுன்னு தெரியாம ரெண்டு பேரு படிக்கறாங்க, திருப்பி அனுப்புனதால என்கூடப் பேசறத நிறுத்தினவங்க பட்டியல் வேணும்னா தர்றேன். ஓப்பன் ஆக்சஸ் ஜர்னலுங்களுக்கு டிஓஏஜே-னு 2003-லேந்து ஒரு பட்டியல் இருக்கு, சேக்கறதுக்கு என்னென்ன வேணும்னு வெளிப்படையா எழுதி வெச்சிருக்காங்க, அதையே அளவா வெச்சுக்குங்க, புதுசா ஒரு கமிட்டி வேண்டாம்.

இப்ப நாங்க கேக்கறது.

வருஷத்துக்கு 150 கோடி ஏபிசி நிதில நூத்துக்கு ரெண்டு பங்க, அதாவது 3 கோடிய, இந்திய மொழிகள்ல வர்ற, கட்டணம் வாங்காத கலைப்புல ஆய்விதழ்களுக்கு நேரா குடுங்க. ஆளுக்கு 3 லட்சம்னு வெச்சா 100 பத்திரிகை ஆச்சு. தமிழுக்கு மட்டும் கேக்கல, மலையாளத்துல, தெலுங்குல, கன்னடத்துல, துளுல, சந்தாலில எங்களமாதிரி ராத்திரி உக்காந்து டைப் அடிக்கிறவங்க இருக்காங்க. பணத்த எழுத்தாளருக்கு அனுப்பாம பத்திரிகைக்கு அனுப்புங்க, அதுவும் ஒரு வருஷம் குடுத்து அடுத்த வருஷம் நிறுத்தாம மூணு வருஷத்துக்கு ஒண்ணா எழுதிக் குடுங்க. ரிட்டயர் ஆனவங்களும் கெஸ்ட் லெக்சரருங்களும் நடத்துற பத்திரிகையும் விண்ணப்பிக்கலாம்னு விதில இருக்கணும். லெட்டர்ஹெட்டும் சீலும் உள்ள பெரிய யுனிவர்சிட்டி மட்டும்தான்னு எழுதினா திரும்ப அதே இடத்துக்குத்தான் போய்ச்சேரும்.

அரசு நிதில வர்ற வரலாறு, இலக்கியம், நாட்டாரியல் ஆய்வு கட்டுரையானாலும் புத்தகமானாலும் ஒரு வருஷத்துக்குள்ள பொதுவுல வந்தாகணும்னு உங்க கீழ உள்ள எல்லா ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கும் ஒரே மாதிரி எழுதுங்க, புத்தகத்துக்குத் தனி நிதியும் ஒதுக்குங்க. ஆனா ஒண்ணு, புலவர் வீட்டு நோட்டு மாதிரி விஷயங்கள வீட்டுக்காரங்க சம்மதம் இல்லாம திறக்கக் கூடாது, யாரோ எடுத்துக் காசாக்கவும் கூடாது, அதுக்கேத்த லைசென்ஸ் எதுன்னு விதிலயே சொல்லிடுங்க. தமிழ் மாதிரி மொழிகள்ல பழைய ஃபாண்ட் ஆய்வேடுகள யூனிகோடுக்கு மாத்துற வேலைய ஷோத்கங்காவ நடத்துற இன்ஃப்ளிப்நெட் கையில எடுத்துக்கட்டும்.

சந்தா எடுத்த 13,000 ஜர்னலும் பொது நூலகத்துலயும் திறக்கணும். பி.என். பணிக்கர் 1945-ல 47 நூலகத்தச் சேத்து ஆரம்பிச்ச இயக்கத்தால கேரளத்துல ஊருக்கு ஊர் வாயனசாலை, அதாவது படிப்பகம், இருக்கு, எங்க தாலுக்கால தமிழ்ப் புத்தகம் வெச்ச வாயனசாலையும் இருக்கு, கம்ப்யூட்டரும் நெட்டும்கூட பலதுல இருக்கு. ஐடி கார்டு இல்லாத ஆளு அங்க வந்து உக்காந்து படிக்கட்டும். பதிப்பகம் ஒத்துக்காதுன்னு சொல்லாதீங்க, 6,000 கோடி குடுக்கறவங்க கேட்டுப் பாக்கணும்.

2027 முடியறதுக்கு முன்னாடி அடுத்த கட்டத்துக்கு ஒப்பந்தம் பேசுவீங்க, அந்த மேசைல ஹ்யூமானிட்டீஸ்காரங்க ரெண்டு பேராவது இருக்கணும், அதுல ஒருத்தரு இந்திய மொழில பத்திரிகை நடத்துறவரா இருக்கணும். யாரக் கூப்பிட்டீங்க, என்ன பேசினீங்கன்னு வெளிய சொல்லுங்க. இந்த மடலுக்கு அடுத்த பட்ஜெட்டுக்கு முன்னாடி எழுத்துல பதில் வேணும், தமிழ்லயோ மலையாளத்துலயோ இங்கிலீஷ்லயோ, ஹிந்தின்னாலும் யாரையாவது வெச்சுப் படிச்சுக்குவோம். வர்ற பதில எங்க அடுத்த இதழ்ல அப்படியே போடுவோம், கட்டணம் இல்லாம.

இப்படிக்கு,
தமிழ் கெஸ்ட் லெக்சரர் ஒருத்தர்,
சித்தூர் தாலுக்கா, பாலக்காடு